வழுவும் வழுவமைதியும்: படக்கதை வாசகர் கடிதங்கள் குறித்துச் சில எண்ணங்கள்

தமிழ்ச் சங்க மலரில் படக்கதையைப் பற்றி ஒரு கட்டுரையா என்று புருவத்தை உயர்த்துவோர் இருப்பர். அவர்களுள் சிலர் என் நண்பர்களே. ஆண்டுதோறும் இம்மலரில் சிலம்பையும் கம்பனையும் பாரதியையும் பற்றிப் படித்து மகிழும் அன்பர்கள், வானில் பறக்கும் வீரனுக்கும் சுவரில் ஏறும் சிலந்தி மனிதனுக்கும் இங்கே என்ன வேலை என்று கேட்டால் அது நியாயமான கேள்வியே. நான் எழுதப் புகுவது அவ்வீரர்களைப் பற்றி அன்று. அவர்தம் கதைகள் வெளிவந்த அமெரிக்க மாத இதழ்களின் பின்பக்கங்களில், பொடி எழுத்தில், விளம்பரங்களுக்கு நடுவே அச்சான வாசகர் கடிதங்களைப் பற்றியே எழுதுகிறேன். புதிதாய் வந்த ஓர் இதழைப் படித்துவிட்டு, இது நன்று, இது தவறு, இன்ன காரணத்தால் தவறு என்று எழுதி அனுப்பிய எளிய மனிதர்களின் எழுத்தும் திறனாய்வே என்பது என் துணிபு. அதிலும், நம் உரையாசிரியர்கள் கையாண்ட முறைக்கு மிக நெருங்கிய திறனாய்வு.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு இளம்பூரணர் உரை கண்டார். பின்வந்த சேனாவரையர் அவ்வுரையைப் பல இடங்களில் மறுத்தார். மறுத்த இடத்தில் எல்லாம் ஏன் மறுத்தார் என்பதையும் சொன்னார். தடை எழுப்புவதும் விடை கூறுவதும் நம் உரை மரபின் உயிர். அம்மரபில் ‘வழுவமைதி’ என்று ஒன்று உண்டு. பேரன்பினால் ஒருவன் தன் பசுவை ‘அம்மை’ என்று அழைத்தால் அது திணை வழு. ஆயினும் உவகை என்னும் காரணம் இருத்தலின் இலக்கணம் அவ்வழுவை அமைத்துக்கொள்கிறது. வழுவைக் காணக் கூர்மை வேண்டும். அதனை அமைக்கக் காரணம் வேண்டும். இவ்விரண்டையும் பத்து சென்ட்டுக்கும் பன்னிரண்டு சென்ட்டுக்கும் விற்ற மலிவு இதழ்களின் வாசகர்கள் செய்தார்கள் என்றால் நம்புவீர்களா?

இதன் தொடக்கம் படக்கதையில் இல்லை. அறிவியல் புனைகதையில் உள்ளது. ஹியூகோ கெர்ன்ஸ்பாக் என்பவர் 1926இல் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ என்னும் இதழைத் தொடங்கினார். அதில் வாசகர் கடிதங்கள் முகவரியோடு வெளியாயின. முகவரி இருந்ததால் வாசகர் இதழுக்கு எழுதியதோடு அமையாமல் தமக்குள்ளும் எழுதிக்கொண்டனர். கிளீவ்லாந்து நகரில் ஜெர்ரி சீகல் என்னும் பள்ளி மாணவர் அவ்வாறு கடிதம் எழுதியவருள் ஒருவர். அவரும் அவர் தோழர் ஜோ ஷூஸ்டரும் சேர்ந்து உருட்டச்சில் ஒரு சிற்றிதழ் நடத்தினர். 1933 ஜனவரியில் அச்சிற்றிதழில் சீகல் எழுதிய கதையில்தான் ‘சூப்பர்மேன்’ என்ற பெயர் வந்தது. அப்போது அவன் வில்லன்! ஐந்தாண்டுகளுக்குப் பின், 1938இல், ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் நாம் அறிந்த சூப்பர்மேன் பிறந்தான். உலகெங்கும் அறியப்பட்ட இவ்வீரனின் பூர்வீகத்தைத் தேடிச் சென்றால் ஒரு வாசகர் கடிதப் பகுதியின் வாசலில் போய் நிற்கிறோம்.

ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் என்பவரும் அத்தகைய இளைஞராக இருந்தவரே. பின்னாளில் டி.சி. நிறுவனத்தின் பதிப்பாசிரியரான அவர், 1960களின் தொடக்கத்தில் தம் படக்கதை இதழ்களின் கடிதப் பகுதியில் எழுதியவரின் முழு முகவரியையும் வெளியிட்டார். சிறந்த கடிதத்துக்குக் கதையின் மூலப் படியையோ சித்திரத்தின் மூலத்தையோ பரிசாக அனுப்பினார். ஜெர்ரி பெய்ல்ஸ் என்னும் பேராசிரியரும் ராய் தாமஸ் என்னும் இளைஞரும் கடிதத்தால் நண்பராகி 1961இல் ‘ஆல்டர் ஈகோ’ என்ற ரசிகர் சிற்றிதழைத் தொடங்கினர். ராய் தாமஸ் 1965இல் மார்வெல் நிறுவனத்தில் எழுத்தாளராகச் சேர்ந்து, 1972இல் அதன் தலைமைப் பதிப்பாசிரியரானார். 1963 நவம்பர் தேதியிட்ட ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ 20ஆம் இதழில் கடிதம் எழுதியவருள் ஒருவர் ஜார்ஜ் ஆர். மார்ட்டின், பின்னர் பெரும் புதினங்கள் எழுதிப் புகழ்பெற்றவர் அவரே.

இப்படிப் பெயர்பெற்றவர்களை மட்டும் அடுக்கிக்கொண்டு போனால் கடிதப் பகுதி என்பது எழுத்தாளராவதற்கு ஒரு பயிற்சிக் கூடம் என்று ஆகிவிடும். அப்பகுதியின் மதிப்பு அதில் இல்லை. எழுத்தாளராகாமல், எழுதிய ஒரே கடிதத்தோடு நின்றுபோன ஆயிரக்கணக்கானோரிடத்தில் இருக்கிறது.

‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ 1961இல் வெளிவந்தபோது அதன் நால்வருக்கும் சீருடை இல்லை. எழுத்தாளர் ஸ்டான் லீயும் ஓவியர் ஜாக் கர்பியும் வழக்கத்தை மீறினர். சீருடை இல்லையே என்று வாசகர் குறைபட்டதாகப் பின்னாளில் லீ நினைவுகூர்ந்திருக்கிறார். மூன்றாம் இதழில் சீருடை வந்துவிட்டது. அதே மூன்றாம் இதழில்தான் கடிதப் பகுதியும் தொடங்கியது. அதில் ஒரு வேடிக்கை. அங்கே அச்சான கடிதங்களுள் ஒன்று புரூக்லினிலிருந்து எஸ். பிராட்ஸ்கி என்பவர் எழுதியது. ஸோல் பிராட்ஸ்கி அந்த நிறுவனத்திலேயே தயாரிப்புப் பணி பார்த்தவர்! நம்மூர்ப் பத்திரிகைகளின் கேள்வி–பதில் பகுதிகளை நெடுநாள் படித்தவர்களுக்கு இது வியப்பளிக்காது.

இனி என் கட்டுரைத் தலைப்புக்கு வருகிறேன். ஹல்க் என்னும் பச்சை நிறப் பேருருவனாக மாறும் விஞ்ஞானியின் பெயர் புரூஸ் பேனர். 1964இல் சில கதைகளில் ஸ்டான் லீ மறதியாக அவரை ‘பாப் பேனர்’ என்று எழுதிவிட்டார். அமெரிக்க வழக்கில் பாப் என்பது ராபர்ட்டின் சுருக்கம். புரூஸுக்கும் அதற்கும் தொடர்பில்லை. வாசகர் விடுவார்களா? கடிதங்கள் குவிந்தன. லீ கடிதப் பகுதியில் விடை கூறினார்: அவருடைய முழுப்பெயர் ராபர்ட் புரூஸ் பேனர் என்று. இன்றளவும் அப்பாத்திரத்தின் முறையான பெயர் அதுவே. ஒரு கைப்பிழை, வாசகர் எழுப்பிய தடை, ஆசிரியர் தந்த அமைதி ஆகிய மூன்றும் சேர்ந்து மூலநூலின் பாடமாகவே நிலைத்துவிட்டன. இடைச்செருகல் என்று இதனை ஒதுக்கவும் முடியாது. மூல ஆசிரியரே செருகியது.

இவ்வழக்கம் வளர்ந்து ‘நோ–பிரைஸ்’ என்னும் விளையாட்டாயிற்று. ‘இல்லாப் பரிசு’ எனலாம். தொடக்கத்தில் பலவகைக் காரணங்களுக்கு வழங்கப்பட்ட இது, காலப்போக்கில் பிழையைச் சுட்டுவதோடு நில்லாமல் அது ஏன் பிழையன்று என்று காரணமும் காட்டும் வாசகருக்கு உரியதாயிற்று. பரிசு என்னவென்றால், உரிய வாசகம் அச்சிட்ட ஒரு வெற்று உறை! உள்ளே ஒன்றுமில்லை. உறை கிழிந்துவிட்டதோ, தாள் விழுந்துவிட்டதோ என்று மறுபடி எழுதிக் கேட்டவர்களும் உண்டாம்.

இதை வெறும் கேலியாகக் கொள்வோரிடம் நான் மாறுபடுகிறேன். பிழை காண்பது எளிது. எங்கள் அலுவலகத்தில் கடைநிலை எழுத்தரும் செய்வார். நானும் இருபது ஆண்டுகளாக அதைச் செய்தே சம்பளம் வாங்குகிறேன். அப்பிழையைக் கதைக்குள்ளேயே நின்று, கதையின் விதிகளுக்கு மாறாமல் அமைத்துக் காட்ட வேண்டுமானால், கதையை ஆசிரியரினும் நன்றாக அறிந்திருக்க வேண்டும். உரையாசிரியரின் திறம் இதுவேயன்றி வேறென்ன?

விளையாட்டல்லாத இடங்களும் உண்டு. இ.சி. என்னும் நிறுவனம் 1953இல் ‘வியர்டு ஃபேன்டசி’ என்ற அறிவியல் புனைகதை இதழில் ‘ஜட்ஜ்மென்ட் டே’ என்னும் கதையை வெளியிட்டது. எழுதியவர் ஆல் ஃபெல்ட்ஸ்டீன். வரைந்தவர் ஜோ ஓர்லாண்டோ. எந்திர மனிதர் வாழும் ஒரு கோளுக்குப் பூமியிலிருந்து ஒருவன் ஆய்வுக்கு வருகிறான். அக்கோள் விண்வெளிக் கூட்டமைப்பில் சேரத் தகுதி பெற்றதா என்று பார்ப்பது அவன் பணி. அங்கே செம்மஞ்சள் நிற எந்திரங்களுக்கு ஒரு வாழ்வு. நீல நிற எந்திரங்களுக்கு வேறொரு வாழ்வு. உள்ளுறுப்புகளில் வேறுபாடு இல்லை. மேலுறை ஒன்றே வேறு. தகுதி இல்லை என்று தீர்ப்புக் கூறித் திரும்புகிறான். கலத்தில் ஏறியபின் தலைக்கவசத்தைக் கழற்றுகிறான். கறுப்பின மனிதன். கடைசிக் கட்டத்தில் அவன் நெற்றியில் வியர்வைத் துளிகள் மின்னுகின்றன. அவ்வளவே கதை.

அக்கதையைப் பாராட்டி, நாட்டில் ஒவ்வொருவரும் கட்டாயம் படிக்க வேண்டிய ஒன்று என்னும் கருத்தில் வந்த கடிதம் கடிதப் பகுதியில் அச்சாயிற்று. எழுதியவர் ரே பிராட்பரி. அறிவியல் புனைகதையின் பெரும்பெயர்களுள் ஒருவர், ஒரு சாதாரண வாசகரைப் போலக் கடிதம் எழுதினார். பின்னர்த் தொழில்துறையினரே அமைத்துக்கொண்ட தணிக்கை அமைப்பு, மறுவெளியீட்டின்போது அந்த மனிதன் கறுப்பினத்தவனாய் இருத்தல் ஆகாது என்று தடுத்தது. வெளியீட்டாளர் வில்லியம் கெயின்ஸ் பணிய மறுத்து, 1956இல் மாற்றமின்றியே வெளியிட்டார். அந்நிறுவனத்தின் கடைசிப் படக்கதை இதழ் அதுவே. தணிக்கையாளரும் ஒரு வாசகரே என்பதை இங்கே கருத வேண்டும். அவர் கருத்துக்கும் பிராட்பரியின் கருத்துக்கும் உள்ள வேறுபாடு, ஒருவர் புகழ்ந்தார் மற்றவர் தடுத்தார் என்பதன்று. பிராட்பரி கதையைக் கண்டார். மற்றவர் கடைசிக் கட்டத்தின் நிறத்தை மட்டும் கண்டார். அந்நிறத்தை நீக்கினால் கதையே இல்லை என்பது அவருக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் இன்னும் மோசம்.

நான் மிகவும் மதிக்கும் எடுத்துக்காட்டு இனிதான் வருகிறது. 1973 ஜூன் தேதியிட்ட ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ 121ஆம் இதழில் நாயகனின் காதலி குவென் ஸ்டேசி இறக்கிறாள். எழுதியவர் ஜெர்ரி கான்வே. வரைந்தவர் கில் கேன். நாயகனின் காதலி இறப்பது அதுவரை அத்தகைய கதைகளில் மிக அரிதாக நடந்த ஒன்று. வாசகர் கொதித்தனர். கல்லூரிகளுக்குப் பேசச் சென்ற ஸ்டான் லீயை மாணவர்கள் சூழ்ந்து கேட்டனர். கோபக் கடிதங்கள் எத்தனையோ. அவை நம் பொருளல்ல. கோபம் யாருக்கும் வரும்.

அவ்விதழில் வில்லன் அவளைப் பாலத்தின் உச்சியிலிருந்து தள்ளுகிறான். சிலந்தி மனிதன் வலையை வீசி அவள் காலைப் பற்றிவிடுகிறான். மகிழ்ச்சியோடு மேலே இழுக்கிறான். அவள் உயிரோடு இல்லை. விழும்போதே அதிர்ச்சியில் இறந்திருப்பாள் என்று வில்லன் ஏளனம் செய்கிறான். (எழுத்தில் அது ஜார்ஜ் வாஷிங்டன் பாலம், சித்திரத்தில் புரூக்லின் பாலம். இதுவும் ஒரு வழு. அமைதி கண்டவர் இலர்.) வலை அவளைப் பற்றும் அந்தக் கட்டத்தில், அவள் கழுத்தருகே, ‘ஸ்நாப்’ என்று ஒரு சிறு ஒலிக்குறிப்பு இருக்கிறது. பக்கத்தைப் புரட்டுபவன் கண்ணில் படாத அளவுக்குச் சிறியது. வாசகர் அதைக் கண்டனர். வில்லன் கூற்று மெய்யா, அன்றி இந்த ஒலி சொல்வது மெய்யா என்று கேட்டனர். நான்கு இதழ்கள் கழித்து, 125ஆம் இதழின் கடிதப் பகுதியில் பதிப்பாளர் தரப்பு விடை கூறியது: திடீரென்று நிறுத்தப்பட்டதால் கழுத்து உலுக்குண்டு இறந்தாள் என்று.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். காப்பாற்ற வீசிய வலையே கொன்றது. கதையின் உரையாடல் சொல்லாத ஓர் உண்மை, ஓர் ஒலிக்குறிப்பைக் கூர்ந்து நோக்கிய வாசகரின் வினாவால் வெளிப்பட்டது. அதன்பின் அக்கதையை எவரும் பழையபடி படிக்க இயலாது. சிலப்பதிகாரத்தில் ஒரு சொல்லின் மேல் நம் புலவர்கள் நாட்கணக்கில் வாதிடும்போது என்ன செய்கிறார்களோ அதையே இவ்வாசகர்களும் செய்தனர். நூலின் தரம் வேறாக இருக்கலாம். செயலின் தரம் வேறன்று.

பதினைந்து ஆண்டுகள் கழித்து வேறொன்று நடந்தது. பேட்மேனின் துணைவனாகிய ராபின் வேடத்தில் அப்போது இருந்தவன் ஜேசன் டாட் என்னும் சிறுவன். முரட்டுக் குணம் உடையவன் என்று வாசகர் பலருக்கு அவனைப் பிடிக்கவில்லை. 1988இல் ஜிம் ஸ்டார்லின் எழுதி ஜிம் அபாரோ வரைந்த தொடர்கதையில், 427ஆம் இதழ் முடிவில் அவன் ஒரு வெடிவிபத்தில் சிக்குகிறான். பின்னட்டையில் இரண்டு தொலைபேசி எண்கள் அச்சாகியிருந்தன. அவன் பிழைக்க வேண்டும் என்றால் ஓர் எண். சாக வேண்டும் என்றால் மற்றோர் எண். ஓர் அழைப்புக்கு ஐம்பது சென்ட். காலக்கெடு 36 மணி நேரம். மொத்தம் 10,614 அழைப்புகள். சாகட்டும் என்றவை 5,343. பிழைக்கட்டும் என்றவை 5,271. எழுபத்திரண்டு அழைப்பு வேறுபாட்டில் அச்சிறுவன் செத்தான். ஒருவரே இயந்திரத்தைக் கொண்டு மீண்டும் மீண்டும் அழைத்ததாகத் தாம் கேள்விப்பட்டதைப் பதிப்பாசிரியர் டென்னி ஓநீல் பின்னாளில் கூறியிருக்கிறார்.

வாசகருக்கு அதிகாரம் கிடைத்த பொன்னாள் இது என்று எழுதுவோர் உண்டு. எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. கடிதம் எழுதியவர், ‘சிறுவன் கெட்டவனல்லன், அவனை எழுதும் முறை சரியில்லை’ என்று சொல்லியிருக்கலாம். ‘சாக வேண்டா, ஊருக்கு அனுப்பிவிடுங்கள்’ என்று சொல்லியிருக்கலாம். ‘இக்கேள்வியே தவறு’ என்றும் சொல்லியிருக்கலாம். தொலைபேசிக்கு இரண்டே எண்கள்! குவென் ஸ்டேசியின் மரணத்தில் வாசகர் ‘எதனால் இறந்தாள்’ என்று கேட்டனர். ஜேசன் டாட் மரணத்தில் அவ்வினாவுக்கு இடமே இல்லை. எதனால் இறந்தான் என்றால், எழுபத்திரண்டு அழைப்பினால் இறந்தான்.

என் தொழிலிலிருந்து ஒன்று சொல்ல அனுமதியுங்கள். கோப்பில் ‘ஏற்கலாம்’ என்று மட்டும் குறிப்பெழுதி மேலே அனுப்பினால் அது திரும்பி வரும், ஓரத்தில் ‘காரணம்?’ என்று சிவப்பு மையில் இருக்கும். புதிதாய்ச் சேர்ந்த காலத்தில் இது எனக்குப் பெரும் எரிச்சல். ஏற்பதா மறுப்பதா என்பதைவிட அக்காரணமே கோப்பில் நிலைத்து, பத்தாண்டு கழித்து அதைத் திறப்பவருக்கு உதவுகிறது என்பது பின்னரே விளங்கிற்று.

மறுதரப்பையும் சொல்லிவிட வேண்டும். கடிதப் பகுதி நான் காட்டுவதுபோல் எப்போதும் சான்றோர் அவையாக இருந்ததில்லை. பாதிக்கு மேல் வெறும் புகழுரை. அச்சேறும் கடிதம் எது என்பது பதிப்பாசிரியர் கையில். ஸ்டான் லீயின் விடைகளில் தற்பெருமை சற்றுத் தூக்கல். பத்துப் பக்கம் சேர்ந்தாற்போல் படித்தால் திகட்டும். எண்ணிக்கையும் எப்போதும் இருந்ததே. பிரிட்டனில் 1977இல் தொடங்கிய ‘2000 ஏடி’ வார இதழில், பிடித்த கதைகளை வரிசைப்படுத்தி அனுப்ப வாசகருக்குச் சீட்டு இருந்தது. ஹல்கின் முதல் தனி இதழ் ஆறே இதழ்களில், 1963இல், நின்றுபோனது. விற்பனையைவிடப் பெரிய வாக்கெடுப்பு ஏது? இவையெல்லாம் மெய்யே. ஆயினும் எண்ணிக்கை அருகிலிருக்கையில் கடிதமும் இருந்தது. டி.சி. நிறுவனம் 2002இல் தன் கடிதப் பகுதிகளை நிறுத்தியது. மறுபதிப்புத் தொகுப்புகள் பெரும்பாலும் கதையை மட்டும் அச்சிட்டுக் கடிதத்தை விட்டுவிடுகின்றன. சில பெருந்தொகுப்புகளே விதிவிலக்கு. உரையை நீக்கி மூலம் மட்டும் பதிப்பித்தாற்போல. தில்லி தரியாகஞ்சு ஞாயிற்றுக்கிழமைப் பழைய புத்தகச் சந்தை 2019இல் மகிளா ஹாட்டுக்கு மாறுவதற்கு முன், அங்கே நடைபாதையில் அட்டை கிழிந்த பழைய இதழ்களை நான் தேடியது கதைகளுக்காக அன்று. அவை தொகுப்புகளில் கிடைத்துவிடும்.

அலுவலக நண்பரின் மகன் கல்லூரி மாணவன். புதிதாய் வரும் பேட்மேன் கதைகளை விடாமல் படிப்பவன். அண்மையில் வந்த ஒன்று எப்படி என்றேன். ‘ஐந்துக்கு மூன்று, அங்கிள்’ என்றான். குறைந்த இரண்டு எங்கே போயின என்றேன். சிரித்தான். நல்ல பிள்ளை; மறுநாள் வந்து, கதையின் இரண்டாம் பாதியில் வில்லனுக்கு நோக்கமே இல்லை என்று பத்து நிமிடம் விளக்கினான். அந்தப் பத்து நிமிடத்தை எழுதி வைக்க அவனுக்கு ஓர் இடம் வேண்டும்.

இத்துறைக்கும் தமிழுக்கும் ஓர் உறவு உண்டு. 1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தோன்றியபோது நமக்குப் புதிதாய் அறிமுகமான இரும்புக்கை மாயாவி, 1962இலேயே பிரிட்டனின் ‘வேலியன்ட்’ இதழில் உலவத் தொடங்கியவர். 1984இல் பிறந்த லயன் காமிக்ஸ் வழியே நம்மை ஆட்கொண்ட ஸ்பைடர், 1965இல் பிரிட்டனில் தோன்றியவர். குற்றவாளிகளின் அரசனாக முயன்று பின் நல்லவரானவர். அவர் கதைகளில் முதற்சிலவற்றுக்குப் பிந்தியவற்றைப் பெரிதும் எழுதியவர் யார் தெரியுமா? கிளீவ்லாந்தில் கடிதம் எழுதிய அதே ஜெர்ரி சீகல். வில்லனாகப் பிறந்து நாயகனான சூப்பர்மேனைப் படைத்தவர், அதே பயணத்தை ஸ்பைடருக்கும் அளித்தார். சிவகாசியில் அச்சாகி எங்கள் ஊர்ப் பெட்டிக்கடையில் தொங்கிய அவ்விதழை எழுதியவரும் ஒரு காலத்தில் வாசகர் கடிதக்காரர் என்பதை அன்று நான் அறியேன்.

நானும் ஒரு கடிதம் எழுதினேன். பன்னிரண்டு வயது இருக்கும். மாயாவி கதையைப் படித்துவிட்டு, 15 பைசா அஞ்சலட்டையில், ‘கதை மிக அருமை, அட்டைப்படம் சூப்பர்’ என்று எழுதி அப்பாவிடம் காட்டினேன். அவர் தொடக்கப்பள்ளி ஆசிரியர். படித்தார். ‘ஏன் அருமைன்னு எழுதலையே’ என்றார். இன்னோர் அட்டை வாங்கிக் கொடுத்தார். இரண்டு நாள் யோசித்தேன். யோசிக்க யோசிக்க அருமைக்குக் காரணம் கிடைக்கவில்லை. ஓர் ஐயம்தான் கிடைத்தது. மாயாவி மின்சாரத்தைத் தொட்டால் உடல் மறைகிறது; உடுத்திய சட்டையும் மறைகிறது; இரும்புக்கை மட்டும் தெரிகிறதே, ஏன்? சட்டை மறையும் என்றால் கையும் மறைய வேண்டும்; கை மறையாது என்றால் சட்டையும் தெரிய வேண்டும். அதையே எழுதி அனுப்பினேன். அச்சில் வரவில்லை. நூற்றுக்கணக்கில் வரும் அட்டைகளில் ஒன்று, வருத்தம் இல்லை. அந்த ஐயம் மட்டும் முப்பது ஆண்டுகளாக என்னோடு இருக்கிறது.

அதற்கு நானே ஒரு வழுவமைதி கண்டு வைத்திருக்கிறேன். மின்சாரம் கையின் வழியே நுழைகிறது, அதில் தங்குவதில்லை. தங்கும் இடம் உடல். சட்டை உடலை ஒட்டியிருப்பதால் உடலின் பக்கம் சேர்ந்து மறைகிறது. கையோ வழி மட்டுமே, ஆகவே மறைவதில்லை. இதனை ஏற்காத அன்பர்கள், காரணத்தோடு, சங்கத்தின் முகவரிக்கு எழுதலாம்.